குறில், நெடில், அளபெடை: ஹார்டு டிஸ்க் கேபிளுக்கு ஓர் இலக்கணம்

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு எந்தக் கேபிளைச் சொருகுவது என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

டேட்டா கேபிள் மூவகைப்படும். டிஸ்க்கோடு பெட்டியிலேயே வரும், அரை மீட்டர்கூடத் தேறாத துண்டு குறில். கடையில் தனியே வாங்கும் இரண்டு மீட்டர் நெடில். அதுவும் போதாமல் எக்ஸ்டென்ஷன் சொருகி, மேசையைச் சுற்றி, கட்டிலுக்கடியில் நுழைந்து வருவது அளபெடை. செய்யுளில் அளபெடை குறைந்த ஓசையை நிறைக்கும். கேபிளில் அளபெடை நிறைந்த வோல்டேஜைக் குறைக்கும்.

எவ்வளவு குறைக்கும் என்று வினவுவார்க்குக் கணக்கு உண்டு. 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. டேட்டா போகும் கேபிளிலேயே 5 வோல்ட்டையும் வாங்கிக்கொள்கிறது. யுஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தரும். கம்பியின் பருமனைக் கேஜ் எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். (இந்த ஏற்பாட்டைச் செய்தவர் தலைகீழாக நின்று யோசித்தார் என்பது என் துணிபு.) 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர். 0.9 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே முக்கால் வோல்ட் கரைந்து, 5 என்று கிளம்பியது 4.25 ஆகப் போய்ச் சேரும். அதே நீளத்தில் 24 கேஜ் போட்டால் இழப்பு 0.3 தான்.

பட்டினி கிடக்கும் டிஸ்க் தட்டைச் சுழற்றப் பார்க்கும், முடியாமல் நிற்கும், மறுபடி பார்க்கும். அப்போது எழும் 'டிக்... டிக்...' கேட்டதும், "ஹார்டு டிஸ்க் போச்சு, கல்யாண போட்டோவெல்லாம் போச்சு" என்று வீட்டார் ஒப்பாரி வைப்பது மரபு. உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் இதே ஓசையைத்தான் எழுப்பும் என்பதால், கெட்டியான குறிலொன்றை மாட்டிப் பார்க்காமல் இழவு சொல்லி அனுப்பலாகாது. 3.5 அங்குல டிஸ்க் தன் சோற்றை 12 வோல்ட் அடாப்டரில் தானே கட்டிக்கொண்டு வருவது. அதற்கு இவ்விதி இல்லை.

இனி வேகவியல். 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0-க்கு நொடிக்கு 480 மெகாபிட். 2008-ல் வந்த 3.0-க்கு 5 கிகாபிட். இந்த 3.0-வையே பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதற்கும் பின்னர் 3.2 ஜென் 1 என்றும் வழங்கினர். பாடபேதம் என்று கொள்க, பொருள் ஒன்றே. 10 கிகாபிட் கேபிள் போட்டால் சுழலும் டிஸ்க் வேகமெடுக்கும் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? 2.5 அங்குலத் தட்டு நொடிக்கு 150 மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது. 5 கிகாபிட் வழியிலோ 400 வரை தாராளமாகப் போகலாம். 10 கிகாபிட் கேபிள் எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கே உரியது. அவரும் ஒரு மீட்டருக்குள் அடங்க வேண்டும்: யுஎஸ்பி 2.0 ஐந்து மீட்டர் வரை பொறுக்கும், வேகம் ஏற ஏற மாத்திரை சுருங்கும்.

எதிர்த்திசைப் பிழைதான் கொடியது. டைப்-சி டிஸ்க்கில் போன் சார்ஜர் கேபிளும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அவற்றுள் பல, டேட்டாவுக்கு 2.0-வின் இரண்டு கம்பிகளை மட்டுமே உடையவை. கால் மணியில் ஏற வேண்டிய 100 ஜிபி முக்கால் மணி இழுக்கும். பழியோ லேப்டாப் மேல்.

தரத்தைக் கண்ணால் அறிய வழி உண்டா எனின், சிறிதே உண்டு. பருத்த உறை நம்பத்தக்கதன்று, உள்ளே ரப்பரே மிகுதியாக இருக்கலாம். சில கேபிள்களின் உறைமேல் பொடி எழுத்தில் '28AWG/1P+24AWG/2C' என்பதுபோல் அச்சிட்டிருக்கும். முன்னது டேட்டா இணை, பின்னது மின்சாரம் செல்லும் இரண்டு கம்பிகள். பின்னதையே நோக்குக. ஆயினும் இந்த இலக்கணம் சென்னை ரிச்சி தெருவை இன்னும் எட்டவில்லை. "அண்ணே, பவர் கம்பி எத்தனை கேஜ்?" என்று கேட்டால், "கருப்பு வேணுமா, வெள்ளை வேணுமா சார்?" என்பதே அங்கு விடை.