முன்னமே கேட்டிருத்தலும் அதன் நிமித்தமும்: பழுத்த இண்டி ராக் ரசிகரின் திணை இயல்

சிகாகோ நகரின் மேற்குப் பக்கம், ஆஷ்லண்ட் அவென்யூவும் லேக் தெருவும் சந்திக்கும் மூலையில் யூனியன் பார்க் என்றொரு பூங்கா உண்டு. பிள்ளைகள் பேஸ்பால் ஆடுவார்கள், பெரியவர்கள் நாயோடு நடப்பார்கள். மற்றபடி இலக்கண நூலார் கவனிக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் 2006 முதல் 2024 வரை, பெருந்தொற்று குறுக்கிட்ட காலம் நீங்கலாக, ஜூலை மாதம் ஒரு வார இறுதியில் மட்டும் அந்த நிலம் ஒரு தனித் திணையாகத் திரிந்து நின்றது. பிட்ச்ஃபோர்க் இசை விழா என்பது அதன் பெயர். ஐந்திணைக்குள் இதை அடக்க முயன்று தோற்றபின் எழுதப்படுவது இக்கட்டுரை.

முதற்பொருளில் சிக்கல் இல்லை. நிலம் பூங்கா, பெரும்பொழுது ஜூலை வெயில், சிறுபொழுது நண்பகல் முதல் இரவு பத்து மணிக்குச் சற்று முன்வரை. கருப்பொருளும் கண்ணெதிரே கிடக்கிறது. உணவு பிளாஸ்டிக் குவளையில் பீர். பறை டிரம்ஸ். யாழ், சுருதியை வேண்டுமென்றே மாற்றிவைத்த ஃபெண்டர் கிதார். மரம், நீல மேடைக்கு நிழல் தருபவை. ஊர்தி, பூங்கா ஓரத்தில் தூண்கள்மேல் கடகடவென்று ஓடும் பச்சைத் தட ரயில். உரிப்பொருள்தான் கடினம். இசை கேட்டலே உரிப்பொருள் என்று முதலில் எண்ணியிருந்தேன். அற்றன்று. முன்னமே கேட்டிருத்தலும் முன்னமே கேட்டிருத்தல் நிமித்தமுமே இத்திணைக்கு உரிப்பொருள் என்க.

இதை நிறுவ எனக்குக் கிடைத்த சான்று என் அலுவலகத் தோழர் ஒருவர். வயது ஐம்பத்து மூன்று, பிறந்து வளர்ந்தது சிகாகோவிலேயே. கல்லூரி வானொலியில் நள்ளிரவு ஒரு மணிக்கு, கேட்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில், ஆள் இல்லாத குழுக்களின் தட்டுகளைச் சுழற்றியவர். 2024 விழாவுக்கு அவரோடு வரவேண்டிய நண்பருக்கு முழங்கால் வீங்கியதால் அந்த டிக்கெட் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆய்வு நெறி கருதி இவரை 'அன்னார்' என்றே குறிப்போம். மாதிரியின் அளவு ஒன்றுதானா என்று முகம் சுளிப்பவர்கள் அவரோடு மூன்று நாள் நின்று பார்க்கட்டும்.

முதலில் சொல்லாராய்ச்சி. 'இண்டி' என்பது இண்டிபெண்டன்ட் என்ற சொல்லின் கடைக்குறை. பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல் தட்டு வெளியிடுகிறவர்களைக் குறித்த வியாபாரச் சொல் அது. இசையின் குணத்துக்கும் அதற்கும் தொடக்கத்தில் உறவில்லை. பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது, யார் எப்படிப் பாடினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. தட்டைக் கடைக்கு ஏற்றிப்போன விநியோகஸ்தர் யார் என்பதே கேள்வி. அதனால்தான் 1980களின் கடைசியில் கைலி மினோக்கின் துள்ளல் பாட்டுகள் அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போயின. மறுபுறம் ஆர்.இ.எம். குழு 1988ல் வார்னரோடு கையெழுத்திட்டது. கிதாரின் கம்பிகளுக்கிடையே திருப்புளியைச் செருகி வாசித்த சோனிக் யூத்தே 1990ல் 'கூ' தட்டைக் கெஃபன் கம்பெனியின் கிளை வழியாகத்தான் வெளியிட்டது. ஆகவே சூத்திரப்படி கைலி இண்டி, 1990க்குப் பிந்தைய சோனிக் யூத் இண்டி அல்ல. நுழைவாயில் வரிசையில் நின்றபடி இம்முடிபை அன்னாரிடம் சமர்ப்பித்தேன்.

"அது வேறு," என்றார்.

விடவில்லை. இந்த விழாவை நடத்தும் பிட்ச்ஃபோர்க், 1990களின் நடுவில் மினியாபோலிஸ் பக்கத்து இளைஞர் ரையன் ஷ்ரைபர் தொடங்கிய விமர்சன இதழ். ஆனால் 2015ல் அதை வாங்கியது வோக் பத்திரிகையை நடத்தும் காண்டே நாஸ்ட். அப்படியானால் நாம் இப்போது நிற்கும் வரிசை எந்த வகை?

"அதுவும் வேறு."

உரையாசிரியர்கள் இடர்ப்பட்ட இடங்களில் 'வந்துழிக் காண்க' என்று எழுதித் தப்புவார்கள். அன்னாரின் 'அது வேறு' அதற்கு இணையான ஆங்கில வழக்கு என்று கொள்ளலாம்.

அந்த இதழ் அன்னார் போன்றோரின் மூளையில் ஏற்படுத்திய சேதம் தனியே ஆராயத்தக்கது. தட்டுகளுக்கு அது பூஜ்யம் முதல் பத்து வரை, தசமப் புள்ளியோடு, மதிப்பெண் போடும். 2000ல் ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' முழுப் பத்து வாங்கியது. 2002ல் உள்ளூர்க் குழுவான வில்கோவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டும் வாங்கியது. 8.2 பெறும் படைப்புக்கும் 8.5 பெறும் படைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நம் அலங்கார சாஸ்திரத்தில் யாரும் வரையறுக்கவில்லை. அன்னாருக்கோ அது கைவந்த கலை. அந்த மூன்று நாளில் தற்காலிகக் கழிப்பறைக்கு 3.4, எலுமிச்சைச் சாற்றுக்கு 6.8, என் தொப்பிக்கு 5.1 கொடுத்தார். தொப்பிக்கு இன்னும் கொஞ்சம் தந்திருக்கலாம்.

இனி உரிப்பொருள். தமிழில் காலம் மூன்று. அன்னாருக்கு நான்காவதாக ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு முந்திய இறந்த காலம் என்று அதைச் சொல்லலாம். ஒரு பாட்டு நன்றாக இருந்தது என்பது அவருக்குச் செய்தியே அல்ல. அது நன்றாக இருந்ததைத் தாம் எப்போது அறிந்தார் என்பதே செய்தி. ஸ்லிண்ட் என்ற லூயிவில் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் 'ஸ்பைடர்லேண்ட்' தட்டைச் சிகாகோவின் டச் அண்ட் கோ நிறுவனம் 1991ல் வெளியிட்டது. அது கடைக்கு வருமுன்பே குழு கலைந்துவிட்டது. தட்டும் அதிகம் விற்கவில்லை. 2007ல் இதே பூங்காவில், வெள்ளிக்கிழமை மாலை, அவர்கள் மீண்டும் கூடி அதை முழுவதுமாக வாசித்தார்கள். அன்னார் அந்த மாலையைப் பற்றிச் சொல்லும்போதும் 2007 அவர் வாயில் வருவதில்லை. "தொண்ணூற்றொன்றிலேயே வாங்கிவிட்டேன்" என்றுதான் தொடங்குகிறார். ஸ்பைடர்லேண்டை அந்த ஆண்டே வாங்கியதாக இன்று சொல்லும் அத்தனை பேரும் உண்மையில் வாங்கியிருந்தால், கலைந்த குழு மறுவாரமே ஒன்று சேர்ந்திருக்கும். மார்கழி சபாக்களில், இந்தத் தோடியெல்லாம் அந்தக் காலத்தில் கேட்டிருக்கணும் என்று பக்கத்து இருக்கைக்குச் சொல்லிவிட்டுக் கேன்டீனுக்கு எழுந்து போகும் பெரியவரைத் தெரிந்தவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல.

ஆடையைப் பற்றிச் சுருக்கமாக. கறுப்பாக இருந்து இப்போது சாம்பலாகிவிட்ட பனியன் சட்டை. முதுகில் சுற்றுப்பயண ஊர்களும் தேதிகளும். இன்று மேடையேறும் குழுவின் சட்டையை இன்று அணிதல் குற்றம். கலைந்துபோன குழுவின் சட்டை சிறப்பு. கலைந்தபின் சேராமலே இருக்கும் குழுவினது தலைசிறப்பு. ஞாயிறன்று அன்னார் அணிந்திருந்தது பிக் பிளாக் குழுவின் சட்டை. 1980களில் அக்குழுவை நடத்தியவர் ஸ்டீவ் ஆல்பினி. நிர்வானாவின் 'இன் யூடெரோ' உட்பட எத்தனையோ தட்டுகளைப் பதிவு செய்தவர், பின்னாளில் சிகாகோவில் எலக்ட்ரிகல் ஆடியோ என்ற ஒலிப்பதிவுக் கூடம் கட்டியவர். பதிவு செய்தவனுக்கு விற்பனையில் பங்கு கேட்க உரிமையில்லை என்று கூலி மட்டும் வாங்கியவர். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, மே 7ஆம் தேதி, இறந்துபோனார். அந்தச் சட்டையைப் பற்றி அன்னார் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாளில் அவர் 'முன்னமே' சேர்க்காத ஒரே பொருள் அதுதான்.

நிற்குமிடம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இவ்வாய்வின் மையம் அதுவே. பூங்காவில் மேடை மூன்று: பச்சை, சிவப்பு, நீலம். பச்சையும் சிவப்பும் ஒரே திடலை ஒட்டியவை. ஒன்றில் பாட்டு முடிந்ததும் மற்றதில் தொடங்கும். மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. அதைப் பற்றிக்கொண்டு காலையிலிருந்தே நிற்பவர்களுக்கு வயது இருபது. அதற்குப் பின்னால் குதிப்பவர்கள். அதற்கும் பின்னால் ஒரு கூடாரத்தில் சவுண்டு என்ஜினியர் மிக்சர் பலகையோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் கூடாரத்தின் முதுகில் சாய்ந்தபடி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கும் இனம் ஒன்று உண்டு. அங்கே பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் தாடி நரைத்திருக்கும். 1991ல் தடுப்பில் தொடங்கிய அன்னாரின் பயணம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வீதம் பின்வாங்கி இங்கே வந்து முடிந்திருக்கிறது. கேட்டால், ஒலி சரியாகக் கேட்கும் இடம் இதுதான் என்பார். அதில் உண்மையும் உண்டு, என்ஜினியர் தம் காதுக்கு ஏற்பத்தானே கலக்குகிறார். கூடாரக் கம்பி இடுப்புக்கு வாட்டமாக இருப்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

காதைப் பற்றியும் ஒரு சூத்திரம் இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம், அதன்மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். ஒரு குழு முக்கால் மணி நேரம் வாசிக்கும். எனவே அன்னார் சாவிக்கொத்தில் தொங்கும் குப்பியைத் திறந்து இரண்டு ரப்பர் அடைப்பான்களை எடுத்துச் செருகிக்கொள்கிறார். பணம் கொடுத்துக் கேட்கவந்து காதை அடைத்துக்கொள்வது முரண் என்று தோன்றலாம். பழுத்த ரசிகரிடத்தில் அதுவும் ஓர் அணி.

இப்போது இயற்பியல் ஒரு கத்தியை நீட்டுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். அன்னார் நின்ற இடத்துக்கும் மேடைக்கும் தூரம் என் காலடிக் கணக்கில் 34 மீட்டர் சொச்சம். ஆகவே டிரம்ஸில் விழும் ஒவ்வோர் அடியும், தடுப்பைப் பிடித்து நிற்கும் பெண்ணைவிட நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகவே அவர் காதை எட்டுகிறது. எல்லாவற்றையும் முன்னமே கேட்டவர், கேட்கும் கணத்தில் எல்லோருக்கும் பின்னால். இதை விளக்கியபோது அன்னார் வானத்தைப் பார்த்தார். 2013ல் இதே பூங்காவில் பியோர்க் பாடிக்கொண்டிருக்கும்போது புயல் வந்து கச்சேரியைப் பாதியில் நிறுத்தினார்களாம். மழை வருமா என்று பார்த்தாராம்.

புறனடை. ஞாயிறு இரவு பச்சை மேடையில் விழாவை முடித்துவைத்தவர் அலானிஸ் மோரிசெட். அவருடைய 'ஜாகெட் லிட்டில் பில்' 1995 ஜூனில், வார்னரோடு சேர்ந்து மடோனா நடத்திய மாவரிக் நிறுவனத்தில் வெளிவந்தது. உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல் விற்றது. கிராமி வாங்கியது. இத்திணையில் விலக்கப்பட்ட அத்தனை இலக்கணமும் ஒரே தட்டில் அமைந்தது அது. அந்த ஆண்டு அவர் குரல் வந்தாலே வானொலியை அணைத்ததாக மதியமே அன்னார் சொல்லியிருந்தார். ரயிலில் கூட்டம் சேருமுன் கிளம்பிவிடலாம் என்றார். பிறகு, வந்ததுதான் வந்தோம், இரண்டு பாட்டு என்றார்.

மூன்றாம் பாட்டில் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. ஐந்தாம் பாட்டில் அடைப்பான்கள் குப்பிக்குத் திரும்பின. நான் குறிப்பேட்டை மூடிவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் தவறவில்லை. பிக் பிளாக் சட்டைக்கு மேலே இருந்த அந்த வாய் இருபத்தொன்பது வருஷமாக எங்கே பாடம் செய்தது? பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையிலா, மளிகைக் கடையிலா, அப்போது கூட இருந்த யாருடைய காரிலோவா? தெரியவில்லை. ஒன்று மட்டும் அளவிட முடிந்தது. மேடையிலிருந்து குரல் 34 மீட்டர் கடந்து எங்களை வந்தடையுமுன், ஒவ்வொரு வரியின் முதற்சொல்லிலும் அவர் உதடு குவிந்து தயாராக இருந்தது. மூன்று நாளில் அவர் உண்மையாகவே முன்னமே கேட்டிருந்தது என்று நான் சாட்சி சொல்லக்கூடியது அந்த ஒரு தட்டைத்தான்.

அந்த நவம்பரில், அடுத்த ஆண்டு சிகாகோவில் விழா இல்லை என்று அறிவிப்பு வந்தது. கடைசி விழாவுக்குத் தாம் போயிருந்ததை அன்னார் இப்போது அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்கிறார். முடிவில் யார் பாடினார்கள் என்று அவர்கள் கேட்டால், அந்நேரம் பீர் வாங்கும் வரிசையில் நின்றிருந்ததாகவும், வரிசைக்கு 4.2 கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்.