பன்னெண்டு பட்டன் மவுசுக்காரனுக்கு

வாலே பேராண்டி, உக்காரு. ஐயாயிரம் ரூவாய்க்கு மவுசு வாங்கிட்டியாமே! விலாவுல பன்னெண்டு பட்டனாம், வயித்துக்குள்ள கலர் கலரா விளக்காம். கரண்டு போன ராத்திரியில இதைத்தான் தெருமுக்குல தொங்கவிடணும்னு ஒங்க ஆச்சிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

சரி, அதை வச்சு என்ன ஆட்டம் ஆடுத? 1993-ல வந்த டூம். சபாஷ்! ஏழரை எச்.பி. மோட்டாரைத் துளசி மாடத்துக்குத் திருப்பிவிட்டிருக்க. அதான் கையை லேசா அசைச்சதும் ஒன் வீரன் நாலு சுத்து சுத்திச் செவுத்துல முட்டுதான். எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ஒன் அப்பன் தூங்கினப்பெறகு அவன் கம்ப்யூட்டர்ல ஆடினது நாந்தான். ஆச்சிகிட்டச் சொல்லிராத.

உருண்டை வச்ச அந்தக் காலத்து மவுசு, ஒரு அங்குலம் நகந்தா 400 புள்ளி எண்ணுனாலே பெருசு. ஒன்னோடது 16,000 எண்ணுதுன்னு பெட்டியில போட்டிருக்கான். நீயும் அதைப் பெருமையா வாசிச்சுக் காட்டுத. அந்த எண்ணிக்கைக்குப் பேருதான் டிபிஐ. அதை 400, மிஞ்சினா 800-க்கு எறக்குலே. போலிங் ரேட்டையும் பாரு. செகண்டுக்கு 1000 தடவ ‘இங்க இருக்கேன், இங்க இருக்கேன்’னு கத்துது. பழைய ஆட்டத்துல சிலது அந்தக் கத்தலைத் தாங்காமத் திக்கும். 125 போதும். விண்டோஸ்ல ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’னு ஒரு டிக்கு இருக்கும். பேருதான் துல்லியம், வெடுக்குன்னு இழுத்தா ஒரு தூரம், மெள்ள இழுத்தா ஒரு தூரம் போகும். அந்த டிக்கை எடுத்துரு.

இனிதான் முக்கியமான சங்கதி. டூம்ல மேல கீழ பாக்க வழியே கெடையாது. மவுசை முன்னால தள்ளுனா ஆளு நடக்க ஆரம்பிச்சிருவான். நீ குறி பாக்கேன்னு கையை நீட்டுத. அவன் நேராப் போயி பச்சைத் திராவகக் குட்டையில நிக்கான். அப்புறம் மவுசைத் திட்டுத. இதுக்குன்னே டாஸுக்கு ‘நோவெர்ட்’னு ஒரு பொடி புரோகிராம் உண்டு. அதை மொதல்ல ஓட்டிட்டு ஆட்டத்தைத் தொடங்குனா, முன்ன பின்ன போற அசைவை அது முழுங்கிரும். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்ல டூமை ஓட்டுத சாக்லேட் டூம்ல ஆடுதன்னா அந்த வசதி செட்டப்புக்குள்ளயே இருக்கு, தேடிப் பாரு.

பன்னெண்டு பட்டனுக்கு வாரேன். டூம் கேட்டதே மூணுதான், அதுலயும் ரெண்டு போதும். இடது சுடும். வலதை அமுக்கிக்கிட்டா பக்கவாட்டுல நழுவலாம்; அதையே டக்கு டக்குன்னு ரெண்டு தட்டு தட்டுனா கதவு தெறக்கும். இது தெரியாம நீ கீபோர்டைத் தடவிக்கிட்டிருக்க! வீலை உருட்டி ஆயுதம் மாத்தலாம்னும் நெனைக்காத. மைக்ரோசாப்ட்டு இன்டெல்லிமவுசுல வீலை வச்சு வித்தது 1996-ல. அதுக்கு முந்தின ஆட்டம் வீலைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடும். அதனால ‘எக்ஸ்-மவுஸ் பட்டன் கண்ட்ரோல்’னு ஒரு புரோகிராமைப் போட்டு, ஒரு விலாப் பட்டனுக்கு 3-ங்கிற எண்ணைக் கொடு, ஷாட்கன் வரும். இன்னொண்ணுக்கு 5, ராக்கெட். மீதிப் பட்டனைக் கூட்டாளிமாருகிட்டக் காட்டிக்கிடலாம்.

குவேக்னு இன்னொரு பழைய ஆட்டம் ஆடுனாலும் இதே கூத்துதான். மவுசால மேல கீழ பாக்க விட்டான், ஆனா கன்சோலைத் தெறந்து ‘பிளஸ் எம்லுக்’னு அடிச்சுக் கேட்டாத்தான் கொடுப்பான்.

ஒவ்வொண்ணா மாத்து, மாத்தினதும் ஒரு ஆட்டம் ஆடிப் பாரு. எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திப்போட்டுட்டு நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்காதலே. எது கோளாறுன்னு மெட்ராஸ்ல இருக்க ஒன் ஐடி மாமனாலயும் சொல்ல முடியாது.