புதுசு வந்திருக்காம்: காஞ்சிபுரத்துப் புரோகிராமருக்குச் சில யோசனைகள்

காலையில் தெருமுனை டீக்கடையில் நிற்கும்போதே போன் துடிக்கும். ராத்திரி அமெரிக்காவில் எவனோ ஒரு புது ஃப்ரேம்வொர்க்கை இறக்கியிருப்பான். நீங்கள் போன மாதம் கண் விழித்துக் கற்றதெல்லாம் பழசு. பதறாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் பிழைத்தவன் சொல்கிறேன். கீழே சொன்னபடி நடந்தால் வேலை போகாது. வேலை நடக்கவும் நடக்காது.

முதலில் கருத்து சொல்லிவிடுங்கள். அது என்ன என்று அப்புறம் படிக்கலாம், படிக்காமலும் விடலாம். முப்பது வயதுக்குள் என்றால் "இனிமே எல்லாமே இதுதான்" என்று சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியிருந்தால் "இதையெல்லாம் நாங்க அப்பவே பண்ணிட்டோம்". நடுவில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினால் போதும்.

அடுத்து, ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுங்கள். கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு எந்த ஃப்ரேம்வொர்க், ரியாக்ட்டா ஆங்குலரா என்பதெல்லாம் ஒரு சண்டையா? நாமம் எதுவானாலும் யானைக்குத் தழை ஒன்றுதான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இனி முக்கியமான பாடம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்துப்போட்டுப் புதிதாக எழுதுவது எப்படி?

இதற்கு என் அனுபவமே உதாரணம். ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் கூகுளிலிருந்து வந்தது. அதில் ஒரு துணிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். 2016-இல் கிட்டத்தட்ட அதே பெயரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாம் வேறு. கடைக்காரர் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மொத்தத்தையும் மாற்றி எழுதப்போகிறேன் என்று ராத்திரி சாப்பிடும்போது தறி நெய்யும் அப்பாவிடம் சொன்னேன்.

"பாவு பாதியில இருக்கும்போது எவனாவது அறுப்பானாடா?" என்றார்.

அவர் சொன்னதை விளக்கிவிடுகிறேன், நீங்கள் தவிர்ப்பதற்கு வசதியாக. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். பட்டுத்தறியில் ஒரு பாவு போட்டால் வழக்கமாக மூன்று சேலை வரும். நெய்து முடித்ததும் பழைய பாவைத் தறியிலிருந்து உருவிப் போட மாட்டார்கள். அதன் கடைசி நுனிகளை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளில் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். தலைமுடி போல மெல்லிய பட்டு. உட்கார்ந்து விரலால் திருகித் திருகி முடிக்க வேண்டும். பிறகு மெதுவாக இழுத்தால் விழுதையும் அச்சையும் தாண்டிப் புதுப் பாவு உள்ளே வந்துவிடும். பழைய நுனியைப் பிடித்துக்கொண்டுதான் புதியது தறிக்குள் நுழைகிறது.

இதைக் காதில் வாங்கினால் ரெஸ்யூமேயில் எழுத ஒன்றும் இருக்காது. நான் வாங்கவில்லை. மூன்று மாதத்தில் முடிக்கிறேன் என்று ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆனது. புதுசைத் திறந்து பார்த்த கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முன்னாடி இங்க ஒரு பிரிண்ட் பட்டன் இருந்துச்சே, எங்க தம்பி?"

நெசவாளர்களுக்கு டிரெண்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் வாதாடலாம். கொஞ்சம் ஜாக்கிரதையாக வாதாடுங்கள். 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளை வைத்துத் தறியில் பூவேலை போட வழி செய்தார். அந்த அட்டையைத்தான் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் துளை அட்டைகளில் எண்ணி முடித்தார். அப்பாவின் தலைக்கு மேலே மாலையாகத் தொங்கும் அட்டைகள்தான் என் பிழைப்புக்குப் பாட்டன்.

ஜக்கார்டு காஞ்சிபுரத்துக்கு வந்தபோது பூவேலைக்கான பழைய 'அடை' முறை ஒதுங்கிக்கொண்டது. யாரும் அதற்காக அழவில்லை. ஆனால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று மூன்று நாடா ஓட்டிக் கோர்த்து நெய்கிற கோர்வையை ஜக்கார்டிடம் விட்டுவிடவில்லை. பூவை அட்டை பார்த்துக்கொள்ளட்டும், கோர்வையைக் கை பார்த்துக்கொள்ளும் என்று பிரித்துக்கொண்டார்கள். எந்த வேலைக்கு இது என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இதைக் கேட்டுப் பாருங்கள், டீமோடு ஒத்துப்போகாதவர் என்று பெயர் கிடைக்கும்.

அடுத்த யோசனை: சின்ன வேலைக்கும் ஊரான் எழுதியதை இறக்கிக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் கோபித்துக்கொண்டு அதை எடுத்துவிட, உலகம் முழுக்கப் பல மென்பொருள்கள் பில்ட் ஆகாமல் நின்றன. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் நாலு வெற்றிடம் வைக்கிற வேலைதான் அது.

இப்போதைய சீசனுக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எதன்மேலும் ஏஐ என்று ஒட்டிவிடுவது நல்லது. பழைய பொருளாக இருந்தாலும் பரவாயில்லை. சேலை வாங்க வரும் விவரமான அம்மாக்கள் மட்டும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். அசல் என்றால் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அடியில் சிவப்புப் பட்டு இழை தெரியும். நம் பொருளைச் சுரண்டினால் பத்து வருஷத்துக்கு முன் எழுதிய இஃப்-எல்ஸ் தெரியும். நானும் ஏஐயை தினமும் பயன்படுத்துகிறேன், பொய் சொல்லவில்லை. பூ போடுகிறது. கோர்வையை இன்னும் கொடுக்கவில்லை.

இன்றைக்கு விட்டால் போச்சு என்று அடித்துப் பிடித்து ஓடத்தான் வேண்டுமா? நம் ஊரில் அப்படி ஒன்று உண்டு, மறுக்கவில்லை. 2019-இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தார். அதற்கு முன் 1979. கூட்டத்தில் மிதிபட்டாலும் பரவாயில்லை என்று நானும் ஓடினேன், லீவு போட்டு. அடுத்து அவர் வருவது 2059-இல். ஃப்ரேம்வொர்க்குக்கு அந்த அவசரம் இல்லை: 1959-இல் பிறந்து இன்னமும் வங்கிகளில் கணக்குப் பார்க்கும் கோபோல் என்ற நிரல்மொழிக்கு அந்த வருஷம் நூறு வயது.