வில்வண்டிப் புணரியல்: ஒரு பழைய ஆம்னியின் பின்பக்கத் தாழ்வை முன்வைத்து

1. ஆய்வுப்பொருள்

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள், 2004ஆம் ஆண்டு பிறந்த மாருதி ஆம்னி வேன் ஒன்றின் பின்பக்கம். முன்பக்கத்தைப் பற்றி ஆய்வாளருக்குக் கருத்து ஏதும் இல்லை. விலை 38,000 ரூபாய். விற்றவர் "எஞ்சின் பட்டு மாதிரி இருக்குதுங்க" என்றார். அது உண்மை. பின்பக்கத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

வாங்கிய ஒரு வாரத்தில் புறச்சான்றுகள் கிடைத்தன. நிறுத்தி வைத்தால், உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நாய் மாதிரி வண்டி பின்னங்காலை மடக்கி நின்றது. இரவில் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுத் தென்னை மரத்தின் கொண்டையைக் காட்டியது. எந்த மரம் குலை தள்ளியிருக்கிறது என்று பார்க்க இது மிகவும் வசதி. எதிரே இருக்கும் பள்ளத்தைப் பார்க்கத்தான் வழியில்லை.

2. ஆய்வுக்களம்

களம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. ஆய்வாளரின் மச்சான் இருப்பது இடுக்கி மாவட்டத்து மறையூர். இரண்டும் கேரளம், இரண்டிலும் தமிழ்ப் பேச்சு உண்டு. ஆனால் இரண்டு மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருச்சூரும் எறணாகுளமும் உட்கார்ந்திருக்கின்றன. எனவே கொழிஞ்சாம்பாறைக்காரன் பொள்ளாச்சி போய், உடுமலை போய், சின்னாறு காடு ஏறி மறையூரில் இறங்குவான். கேரளத்திலிருந்து புறப்பட்டுக் கேரளத்துக்குப் போய்ச் சேர, நடுவில் தமிழ்நாடு முழுசாக ஒருமுறை குலுக்கும். இது நமக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் அல்ல. பாலக்காடு மாவட்டத்திலேயே இருக்கும் பறம்பிக்குளத்துக்கும் ரோடு பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாகக் கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன, சென்னை மாகாணத்து மலபாரும் கேரளத்தில் சேர்ந்தது. அந்தக் கோட்டை இரண்டு தரம் தாண்டினால்தான் மச்சான் வீடு. போகும்போது வண்டியில் தேங்காய், வரும்போது மறையூர்ச் சர்க்கரை. சர்க்கரை என்றால் வெல்லம்; 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம். குறியீட்டுக்கு எடை கிடையாது. மூட்டைக்கு உண்டு.

3. முன்னோர் ஆய்வுகள்

வில் பற்றிய முதல் இலக்கணம் எழுதியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676இல் அவர் தம் கண்டுபிடிப்பை 14 லத்தீன் எழுத்துகளாகக் கலைத்து, அகர வரிசையில் அடுக்கி, விடுகதையாக அச்சிட்டார். வேறு யாரும் திருடிவிடக் கூடாது என்ற பயம். நம் சித்தர்கள் பரிபாஷையில் மருந்தை ஒளித்து வைத்தது போலத்தான். இரண்டு வருடம் கழித்து விடையை அவரே சொன்னார்: எவ்வளவு நீட்சியோ அவ்வளவு விசை. இரண்டு மூட்டை ஏற்றினால், ஒரு மூட்டைக்குத் தாழ்ந்ததைப்போல் இரு மடங்கு வண்டி தாழும். இதை ஆய்வாளரின் மாமியார் விடுகதை ஏதும் போடாமல் நேராகவே சொன்னார்: "மாப்பிள்ளை, வண்டி குனியுதுன்னு அழறதுக்கு முன்னாடி மூட்டைய எண்ணியிருக்கோணும்."

1804இல் ஒபடையா எலியட் என்ற ஆங்கிலேயர் குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டைகளை அடுக்கி வில் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வில் நம் மாட்டு வண்டிக்கும் வந்தது. தமிழில் வில்வண்டி, மலையாளத்தில் வில்லுவண்டி. வேறொரு கதையும் இந்தச் சொல்லோடு வரும். தம் சாதியார் பொது ரோட்டில் போகவே தடை இருந்த திருவிதாங்கூரில், 1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டியை வாங்கி, காளை பூட்டி, அதே ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். வில்லின் மேல் உட்கார்ந்து போவது யாருக்கு உரிமை என்ற கேள்விக்கு அந்த வண்டிதான் பதில். இந்தக் கட்டுரையில் கேலி செய்ய முடியாத ஒரே வாகனம் அது.

1984இல் மாருதி வேனாக வந்து, பிறகு ஆம்னி என்று பேர் மாறி, 2019இல் நின்றுபோன நம் வாகனத்துக்கும் பின்னால் இருப்பது அதே பட்டை வில்தான். ஆக, அறிவியல்படி ஆம்னி ஒரு வில்வண்டி. மாட்டுக்குப் பதில் 796 சி.சி.

4. ஒலியியல்

பின்பக்கத்தில் எழும் ஒலிகளைச் செவிவழித் தொகுத்ததில் மூன்று கிடைத்தன.

அ) "கிரீஇஇச்": வேகத்தடையில் ஏறும்போது எழுவது. மூன்று மாத்திரைக்குக் குறையாமல் நீள்வதால் அளபெடை. பட்டையோடு பட்டை உராயும் ஒலி. இந்த உராய்வு முழுக்கக் கெட்டது என்று சொல்ல முடியாது. ஷாக்கப்சர் இல்லாத காலத்தில் துள்ளலை அடக்கியது இதுதான்.

ஆ) "டொக்கு": பள்ளத்தில் இறங்கும்போது எழுவது. வன்தொடர்க் குற்றியலுகரம். தமிழில் டகரம் மொழிக்கு முதலாகாது. எனவே இது ஜப்பானிலிருந்து சுசுகியோடு வந்த ஒலியாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. பிறகு படுத்துப் பார்த்ததில், ரப்பர் புஷ் தேய்ந்து, பட்டையின் கண்ணுக்குள் போல்ட்டு இடிக்கும் ஒலி எனத் தெளிந்தது.

இ) "லொடலொட": இரட்டைக்கிளவி. மேடு, பள்ளம், சமதளம் எங்கும் எழுவது. மூன்று நாள் தேடியும் மூலம் அகப்படவில்லை. நான்காம் நாள் பின்சீட்டுக்கு அடியில் மாமியாரின் வெற்றிலைப் பெட்டி கண்டெடுக்கப்பட்டது. இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டது.

5. கருதுகோள்கள்

மனைவியின் கருதுகோள்: கண் திருஷ்டி. பின்பம்பரில் எலுமிச்சை கட்டப்பட்டது. தாழ்வு குறையவில்லை, எலுமிச்சையின் எடையைக் கணக்கில் கொண்டால் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

மச்சானின் கருதுகோள்: "ஷாக்கப்சர் போயிருச்சு மாமா, ரெண்டையும் மாத்துங்க." இதற்குச் சோதனை உண்டு. பின்மூலையை உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்திவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நல்ல வண்டி ஒரு தரம் எழுந்து அடங்கிவிடும். நம் வண்டி, கச்சேரியில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் போல, நாலு தரம் தலையாட்டியது. ஷாக்கப்சர் போனது நிஜம். மாற்றினோம். தலையாட்டல் நின்றது. தாழ்வு அப்படியே இருந்தது. முன்பு குனிந்து ஆடியது, இப்போது அசையாமல் குனிந்து நின்றது.

பணம் கொடுத்து வாங்கிய ஞானம் இது: ஷாக்கப்சர் பாரம் தாங்காது. துள்ளலை அடக்குவது மட்டுமே அதன் தொழில். பாரம் தாங்குவது பட்டை. பட்டையைத் தாங்குவது கண்ணும் புஷ்ஷும். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று ஷாக்கப்சர் வாங்குவது, பசிக்கிறது என்று விசிறி வாங்குவதற்குச் சமம்.

பிறகு டேப் வைத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தோம். வலது பக்கம் இரண்டு விரல் தாழ்வு. பாரத்தில் பட்டையே தளர்ந்திருக்கிறது. மூட்டையை எண்ணச் சொன்ன மாமியாரின் கருதுகோள் நிறுவப்பட்டது. அவர் அதை ஆய்வு முடிவாக ஏற்கவில்லை. "அதான் அப்பவே சொன்னேனே" என்றார்.

6. புணர்ச்சி விதிகள்

இரண்டு சொல் கூடும் இடத்தில்தான் இலக்கணத்துக்கு வேலை. வண்டிக்கும் அப்படியே. இரும்பு அதுபாட்டுக்கு இருக்கும். இரண்டு இரும்பு கூடும் இடத்தில்தான் கோளாறு. இங்கு பாடி நிலைமொழி, பட்டை வருமொழி. விகாரம் மூன்று என்கிறார் நன்னூலார்: தோன்றல், திரிதல், கெடுதல். ஆம்னியின் அடியில் மூன்றும் ஒருங்கே காணக் கிடைத்தன.

தோன்றல்: துரு. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிட்டிருந்தன. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது, இது பிரியவே இல்லை. இரவெல்லாம் டீசலில் ஊறப்போட்டு, மறுநாள் நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டித் திருகினால், நட்டு வந்தது, போல்ட்டு வரவில்லை. கடைசியில் ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுத்தோம். பிளேடு மூன்று.

திரிதல்: பட்டை. வில்லாக இருந்தது கோலாகத் திரிந்திருந்தது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கழற்றிப் பொள்ளாச்சிப் பக்கம் லாரிப் பட்டை பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே பட்டை என்பதைப் பாலக்காட்டு வர்க்‌ஷாப்பில் பிளேட்டு என்பார்கள். எல்லையில் எதற்கும் இரண்டு பேர். வளைவை ஏற்றித் தந்த பட்டறைக்காரர், "கூட ஒரு பட்டை போட்டுத் தரட்டுங்களா? அப்புறம் எத்தன மூட்டை வேணாலும் ஏத்தலாம்" என்று ஆசை காட்டினார். தொல்காப்பியர் மிகுதல் என்று சொன்ன விகாரம் இது. வில் கெட்டியானால் அடி நேரே பாடிக்குப் போகும், பாடியிலிருந்து மாமியாரின் இடுப்புக்குப் போகும். மறுத்துவிட்டோம்.

கெடுதல்: புஷ். கறுப்பாகப் பொடிந்து, உரித்த புளி மாதிரி கையோடு வந்தது. இந்திய ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தில் விளைகிறது; அந்தக் கேரளத்தில் 38,000 ரூபாய் வண்டியைப் படுக்க வைத்தது ஒரு பிடி ரப்பர். புதுப் புஷ் ஏறவில்லை என்று பலர் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவுவார்கள். கூடாது, எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெடும். சோப்புத் தண்ணீர் போதும், வழுக்கிக்கொண்டு ஏறும்.

இவை அனைத்துக்கும் முந்திய விதி ஒன்று உண்டு. முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியை ஜாக்கியில் தூக்கியபின், பாடிக்கு அடியில் கெட்டியான ஸ்டாண்டோ கனத்த மரக்கட்டையோ முட்டுக் கொடுத்தே தீர வேண்டும். அச்சுக்கும் தனியாக ஒரு ஜாக்கி. வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. ஹாலோ பிளாக்கையும் நம்பக் கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும். அப்புறம் அடியில் படுத்திருக்கும் ஆய்வாளர் இடைக்குறை ஆகிவிடுவார்.

7. ஆய்வு முடிவு

எல்லாம் மாட்டிவிட்டோம். வண்டி இன்னும் முட்டின் மேல். உதவிக்கு வந்திருந்த மச்சான் ஸ்பேனரை எடுத்து இறுக்கப் போனான். அப்போதுதான் இந்த ஆய்வின் தலைமை விதி நினைவுக்கு வந்தது: அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்காதே. அப்படி இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் பட்டை நிமிரும், ரப்பர் உள்ளேயே முறுக்கிக்கொள்ளும், ஓடும் நேரமெல்லாம் முறுகியபடி கிடந்து சீக்கிரமே கிழியும். கையால் திருகி விட்டுவிட்டு, சக்கரம் தரையில் ஊன்றி, வழக்கமான பாரமும் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு.

வழக்கமான பாரம் எது? ஆம்னி அகராதியில் அது குடும்பம். மனைவி ஏறினாள், இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள், மாமியார் வெற்றிலைப் பெட்டியோடு ஏறினார். மறையூர் போகவேண்டிய தேங்காய் மூட்டையையும் போட்டோம். கதவை இழுத்துச் சாத்தினோம். ஆய்வாளர் பக்கவாட்டில் சாக்கை விரித்துப் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். மேலே "போலாமா?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெட்ரோல் போடாத பயணம் அது.

"ஆச்சுங்களா மாப்பிள்ளை? எறங்கலாமா?" என்றார் மாமியார். ஒவ்வொருவராக இறங்க, கடைசியில் மூட்டையும் இறங்க, வண்டி மெல்ல எழுந்து நின்றது. முன்பெல்லாம் யார் இறங்கினாலும் அது கண்டுகொண்டதில்லை.

அன்றிரவு ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. தென்னையில் குலை தள்ளியிருக்கிறதா என்று இனிப் பகலில்தான் பார்க்க வேண்டும்.