டைனமோ வெளிச்சம்

ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றுத் தரைப்பாலத்தைச் சைக்கிளில் கடந்தவர் யாராக இருந்தாலும், இது அவர் கதையும்தான். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, கால் எட்டிய பிறகு தம்பியைப் பின் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று சுருட்டப்பள்ளிக் கோயிலுக்குக் கிளம்பி, எப்போதும் இருட்டிய பிறகே திரும்பிய நாட்கள் அவை. டைனமோவை டயரில் சாய்த்துவிட்டால் ‘கிர்’ரென்ற முனகலோடு முன்னால் ஒரு மஞ்சள் வட்டம் விழும், மேட்டில் நமக்கு மூச்சு வாங்கினால் அதுவும் கூடவே மங்கும்.

அன்று எங்களுக்குத் தெரிந்த சட்டம் மூன்றுதான்: வரி வில்லை வேண்டும், விளக்கு வேண்டும், டபுள்ஸ் கூடாது. தூரத்தில் காக்கி தெரிந்தாலே தம்பி குதித்து இறங்கிவிடுவான். ஆனாலும், அப்பா வரி கட்டி வாங்கிவந்த தகர வில்லையைச் சைக்கிளின் முன்னால் முடுக்கும்போது, இந்தச் சாலையில் நமக்கும் பங்கு உண்டு என்ற நிமிர்வு எங்களுக்கு வரும்.

இன்று ஆற்றின் மேல் உயரமான பாலம் இருக்கிறது. வெள்ளம் வந்தாலும் ஊர் துண்டாவதில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் பெரியபாளையம் சாலையில் அன்றாடம் ஒரு காட்சி பார்க்கிறேன். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளை, பின்னால் டிப்பர் லாரியின் ஹாரன் கேட்டதும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறாள். புழுதி அடங்கியதும் மறுபடி மிதிக்கிறாள். அவள் சைக்கிளில் வில்லை இல்லை. சாலையில் அவளுக்குப் பங்கும் இல்லை.

நடந்து போகிறவர்கள் நிலையும் இதுதான். 2023இல் மட்டும் நாட்டில் 35,221 பாதசாரிகள் சாலையில் உயிரிழந்தார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதுகாப்பு விதிகள் வகுக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது.

வில்லையும் விளக்கும் கேட்ட சட்டத்துக்கு நாங்கள் கட்டுப்பட்டோம். இனி சட்டம் எங்கள் பிள்ளைகளுக்குக் கடமைப்படட்டும். அந்தப் பெண் மண்ணில் இறங்காமல் பள்ளி போய்ச் சேர, தார்ச்சாலையிலேயே அவளுக்கென்று ஒரு தடம் வேண்டும். எழுதும் விதியில் அது முதலில் இருக்கட்டும்.