முதல் பக்கத்துல ஆளைக் காணோம்!

வாம்மா பேத்தி, உக்காரு. நர்ஸிங் ஆய்வுக் கட்டுரை ஒண்ணோட முன்னுரையை எடை போட்டு எழுதச் சொல்லியிருக்காங்களாமே? எழுதினவங்க பேருக்குப் பின்னால பட்டமே ஒரு வரிக்கு ஓடுது. அதைப் பார்த்துட்டு "மிகச் சிறப்பான முன்னுரை"ன்னு எழுதிட்டியாக்கும். தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியோட கையெழுத்து அழகா இருக்குன்னு சம்பளத்தை எண்ணாம வாங்கின வம்சமாச்சே, வேற எப்படி இருப்பே!

தலைப்பு என்ன? கோலசிலாங்கூர் தோட்டங்கள்ல நீரிழிவுக்காரங்களோட கால் பராமரிப்பு. சரி, உள்ள போ. முதல் பத்தி உலகம், அடுத்தது ஆசியா, அதுக்கடுத்தது மலேசியா. ஈஜோக் முச்சந்திக்கு வர்றதுக்குள்ள முன்னுரையே முடிஞ்சுபோச்சு. செம்பனை முள்ளு குத்தினதுகூடத் தெரியாம, வேர்வை ஊறின பூட்ஸோட பொழுதுக்கும் நடந்துட்டு சாயங்காலம் லயத்துல வந்து கழட்டுறானே, அந்தக் கால் எங்கம்மா? தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கலக்கினவன் நான், அந்தக் காலைத்தான் முதல்ல தேடுவேன்.

பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுப் பேருக்கு நீரிழிவுன்னு போட்டிருக்காங்க. அது 2019 தேசிய சுகாதார ஆய்வுக் கணக்கு. 2023ல 15.6ன்னு வந்திருக்கே! புதுக்கணக்கு குறைஞ்சிருக்கிறதால கண்ணுல படலையோ என்னமோ. அதே 2019 கணக்குல இந்தியர்கள்ல 31.4 விழுக்காடுன்னு இருக்கு. தோட்டத்தைப் பத்தி எழுதுறவங்களுக்கு அதுதானே வேணும்? அதை அப்படியே விட்டுட்டாங்க.

"இது குறித்து இதுவரை ஆய்வு இல்லை"ன்னு வேற ஒரு வரி. எங்க தேடினாங்க, என்ன கிடைச்சுது, ஒண்ணும் சொல்லலை. புக்கிட் மெலாவாத்தி குரங்கோட வாலைக்கூடத்தான் யாரும் அளக்கலை, அதுக்காக டேப்பைத் தூக்கிட்டுப் போறதா? இல்லைங்கிறது காரணம் ஆகாதும்மா. இல்லாததால யாருக்கு என்ன கெட்டுப்போகுதுன்னு சொல்லணும்.

முன்னுரையில இடத்துக்கு இவ்வளவு மவுசான்னு கேப்பே. 1901ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் கிள்ளானுக்கு வந்தாரு. சதுப்புத் தண்ணியை வடிய விட்டு, காட்டை வெட்டி மலேரியாவை அடக்கினாரு. மேட்டுநிலத் தோட்டத்துல அந்த வைத்தியம் எடுபடலை. காடு போனதும் வெயில் பட்ட தெளிஞ்ச ஓடையில வேற சாதி அனோபிலிஸ் கொசு பெருகிடுச்சு. ஒரே மாநிலம், ஒரே காய்ச்சல். பள்ளத்துல தீர்த்தது மேட்டுல கூட்டிவிட்டுது. "மலேசியாவில் மலேரியா"ன்னு பொதுவா முன்னுரை எழுதியிருந்தா இது தெரிஞ்சிருக்குமா?

கடைசிப் பத்தியில நோக்கத்தைப் பாரு. "கற்பித்தலின் மூலம் கால் பராமரிப்பை மேம்படுத்துதல்." ஆய்வு தொடங்கவே இல்லை, மேம்பட்டே போச்சு! யார்கிட்ட, எந்தத் தோட்டத்துல, எதை அளக்கப்போறாங்கன்னு இருக்கா? கால் விரலுக்கிடையில பார்க்கிற நர்ஸுக்கு இதுல என்ன வேலைன்னாவது இருக்கா? மேற்கோள் மட்டும் மழைக்காலத்துக் காளான் மாதிரி.

வாத்தியார் கோவிச்சுக்குவாருன்னு பயந்துக்காதே. குறை கண்டுபிடிக்கத்தானே மார்க்கு! "மிகச் சிறப்பு"ங்கிறதை அடிச்சிடு. "மொழி நல்லா இருக்கு; ஆனா இந்த ஆய்வு இங்க ஏன் வேணும்னு முன்னுரை சொல்லலை"ன்னு எழுது. எந்தப் பக்கம், எந்தப் பத்தின்னு எண் போட மறந்துடாதே.