பேய் பிடித்தலும் படம் பிடித்தலும்

தமிழில் பேயும் பிடிக்கிறது, படமும் பிடிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை இலக்கண நூலார் கவனியாது விட்டாலும், ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ வகைப் படங்களை எடுப்போர் தெளிவாகவே கண்டுகொண்டனர். காணாமற்போனவரோ மாண்டவரோ விட்டுச்சென்ற ஒளிப்பதிவு பிறர் கையில் கிடைத்து, அப்படியே திரையிடப்படுவதான பாவனையில் அமையும் படங்களுக்கு இப்பெயர். திரையில் தெரிவதெல்லாம் கதைமாந்தரே பிடித்தது என்பது இவ்வகையின் தலையாய விதியாதலால், என்ன நேரினும் யாரேனும் ஒருவர் கேமராவைக் கீழே வைக்காதிருக்க வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடுபவர் இரு கைகளையும் வீசி ஓடுவதே உலக வழக்கு. இங்கோ ஒரு கைக்கு ஓயாத வேலை.

இவ்வகைக்குச் சிறந்த சான்று ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’. ஓரென் பேலி 2006இல் சான் டியேகோவில் தம் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ ஒரு வாரத்தில், சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்த இப்படம், 2009இல் பரவலாக வெளியாகி உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. உருவமற்ற பேய்க்கு ஒப்பனையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். கதவை ஆட்டுவதும் போர்வையை இழுப்பதுமே அதன் நடிப்பு என்பதால், தயாரிப்பாளர் கண்ணுக்கு இதனினும் உத்தமமான நடிகர் அகப்படுவது அரிது.

சிறுவயது முதல் ஏதோ ஒன்று தன்னைத் தொடர்வதாகப் படத்தின் நாயகி கேட்டி அஞ்ச, அவளுடைய காதலன் மீக்கா அதற்குப் பரிகாரமாகக் கண்டது ஒரு கேமரா. வந்திருப்பது ஆவியன்று, தீய சக்தி; அதனோடு பேச்சுக் கொடுக்கலாகாது என்று விவரமறிந்தவர் எச்சரித்த பின்னும், அவன் நடைவழியில் பவுடரைத் தூவிக் காலடித் தடம் பார்க்கிறான். ஆவிகளோடு உரையாட உதவுவதாகச் சொல்லப்படும் எழுத்துப் பலகையாகிய வீஜா பலகையை வாங்குவதில்லை என்று கேட்டிக்கு வாக்களித்தவன், வாங்காமல் இரவல் பெற்று வந்து, வாக்குத் தவறவில்லை என்று வாதிடுகிறான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பர்; மீக்கா ஏறத் தயங்குபவனல்லன், ஏறுமுன் கிளையில் வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொள்பவன். நள்ளிரவில் கேட்டி எழுந்து படுக்கையருகே அசையாது நிற்க, திரையோரத்துக் கடிகாரம் மணிக்கணக்கை விரைந்து கடக்கிறது. பேய் பிடித்தவள் நிற்கிறாள், படம் பிடிப்பவன் உறங்குகிறான், கேமரா மட்டும் விழித்திருக்கிறது.

படம் பிடிக்கும் இந்நோய் பேய்க்கும் தொற்றக்கூடியது என்பதற்கு டேனியல் ஸ்டாமின் ‘தி லாஸ்ட் எக்ஸார்சிசம்’ (2010) சான்று. பேயோட்டுதல் பித்தலாட்டம் என்று மெய்ப்பிக்கும் பொருட்டு, புகை கக்கும் சிலுவையோடும் ஆவணப்படக் குழுவோடும் லூசியானாவின் பண்ணை வீடொன்றுக்குப் போதகர் ஒருவர் செல்கிறார். ஓர் இரவில், பேயால் பிடிக்கப்பட்ட அவ்வீட்டுப் பெண்ணே கேமராவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நடந்துவிடுகிறாள். அங்கே அவள் அதைக் கொண்டே ஒரு பூனையை அடித்துக் கொன்றாலும் பதிவு தொடர்கிறது.

ஆகவே இப்படங்களில் உண்மையில் பிடிக்கப்பட்டவர் யார் என்பதே ஆய்வுக்குரியது. பெண்ணைப் பிடித்ததற்குச் சிலுவை, செபம், ஊரில் இல்லாத நிபுணர் என ஏதோ ஒரு வைத்தியம் பேசப்படுகிறது. ஆணைப் பிடித்ததற்கோ மின்னேற்றி ஒன்றே தரப்படுகிறது. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ திரையரங்குகளில் வெளியான வடிவின் இறுதியில், கீழ்த்தளத்திலிருந்து கேட்டி அலற, மீக்கா கேமராவை முக்காலியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடுகிறான். சற்றுநேர அமைதிக்குப் பின் அவன் உடல் வீசப்பட்டு வந்து மோதுவது அக்கேமராவின் மீதேயாகும். அது சாய்ந்து விழுகிறது, பதிவு நிற்கவில்லை.